ஓஸ்சிபெக்: தாத்ரா மலையின் செம்மறிப்பால் சீஸ்

போலந்துக்கு வருகிற நம்மவர்கள் தாத்ரா மலையடிவார ஊரான ஸகோபானேவைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். போனவர்கள் க்ருபூஃப்கி தெருவில் அடுப்பில் வாட்டி, மேலே ஒரு கரண்டி ஜுராவினா (கிரான்பெர்ரி) ஜாம் வைத்துக் கொடுக்கிற சின்ன சீஸ் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "ஓஸ்சிபெக் சாப்பிட்டாச்சு, பரவாயில்லை, உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று முடித்துவிடுகிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் பசும்பால் சீஸ். ஓஸ்சிபெக் அது இல்லை. தாத்ரா மலையடிவாரத்தில் கோடை மாதங்களில் மட்டும், ஆட்டிடையர் குடிசையில் கையால் செய்து புகையில் காய வைக்கிற ஓஸ்சிபெக்குக்கு ஒரு சரியான மதிப்புரை தமிழில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கிராக்கோவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸகோபானே இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கோடையில் சனிக்கிழமை காலை பஸ் பிடித்தால் சாயங்காலம் திரும்பிவிடலாம். மலை ஏறுவதைவிட இந்தச் சீஸுக்காகப் போன நாட்கள்தான் அதிகம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முழு ஓஸ்சிபெக் இரண்டு முனையும் கூம்பி, நடுவில் பருத்து இருக்கும். நீளம் 17 முதல் 23 சென்டிமீட்டர், எடை 600 முதல் 800 கிராம். நடுவயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, அதில் கோடும் கட்டமுமாகச் செதுக்கு வேலை. மரத்தில் குடைந்த அச்சிலிருந்து பதிந்தது அது. மேல்தோல் வைக்கோல் நிறத்திலிருந்து இளம் பழுப்பு வரை போகும், லேசாகப் பளபளக்கும். வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள், தோலை நெருங்க நெருங்கக் கொஞ்சம் அடர்த்தியான நிறம்.

கடித்தால் முதல் உணர்வு கொப்பரைத் தேங்காயைக் கடிப்பது போலத்தான்: பல்லுக்கு ஒரு எதிர்ப்பு, உடனே விட்டுக்கொடுத்து, மெல்ல மெல்லக் கொழுப்பு இறங்குகிறது. பல்லில் லேசாகக் கிறீச்சிடும். முதலில் உப்பு வரும். அதன் பின்னால் புகை. இரண்டும் அடங்கிய பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்தது: செம்மறிப்பாலின் இனிப்பும், கூடவே ஒரு மெல்லிய புளிப்பும், ஆட்டுக்கே உரிய அந்த வாசனையும். முதல் துண்டில் சிலருக்கு இந்த வாசனை பிடிக்காமல் போகலாம். இரண்டாவது துண்டை அறை வெப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால் உப்பையும் புகையையும் தவிர எதுவும் தெரியாது.

இதைச் செய்கிற இடத்தைப் பார்த்தால்தான் அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று புரியும். நான் வழக்கமாக வாங்குவது நோவி தார்க் பக்கம், ஒரு கிராமத்துக்கு மேலே இருக்கிற புல்வெளிக் குடிசையில். இந்தக் குடிசைக்குப் பாட்சுஃப்கா என்று பெயர். தலைமை இடையர் பாட்ஸா, அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் யூஹாஸ்கள். ஊரில் பல வீட்டுக்காரர்களின் ஆடுகளைப் பொறுப்பேற்று, வசந்தத்தின் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை மலையில் மேய்ப்பது பாட்ஸாவின் தொழில். ஏப்ரலில் புனித அடால்பெர்ட் திருநாளை ஒட்டி லூஜ்மியெஷ் மாதா கோயிலில் கூடி, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டுதான் பருவத்தைத் தொடங்குகிறார்கள். செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாள் வாக்கில் ஆடுகள் இறங்கத் தொடங்கும்.

குடிசைக்குள் நுழைந்ததும் கண் எரியும். நடுவில் வாத்ரா என்கிற நெருப்பு. பருவம் முடியும் வரை அதை அணைய விடக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். புகைபோக்கி கிடையாது, புகை மேலே எழுந்து கூரைப் பலகைகளின் இடுக்கு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே, எட்டாத உயரத்தில் உள்ள பலகைகளில் சீஸ்கள் வரிசையாகப் படுத்திருக்கும். வெளியே வந்து வீடு திரும்பிய பிறகும் என் தலைமுடியில் அந்த வாசனை இருக்கும்.

பால் கறப்பதைப் பார்க்க அதிகாலையிலேயே போக வேண்டும். பட்டியின் ஒரு பக்கம் குறுகலான திறப்பு. அதன் இரண்டு பக்கமும் யூஹாஸ்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக அந்தத் திறப்பில் நுழைய, பிடித்து, கறந்து, விட்டுவிடுவார்கள். ஒரு ஆட்டுக்கு ஆகிற நேரம் நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை. ஒரு ஆடு தருவதும் கொஞ்சப் பால்தான். கோடை உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கறந்தாலும் மொத்தம் அரை லிட்டர் தேறினால் பெரிது. ஒரு கிலோ சீஸுக்கு ஆறேழு லிட்டர் செம்மறிப்பால் வேண்டும். விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

கறந்த பாலைத் துணியில் வடிகட்டி, புச்செரா என்கிற மரத்தொட்டியில் ஊற்றி, இளஞ்சூட்டில் உறை சேர்க்கிறார்கள். பால் கெட்டிப்பட்டதும் மரக்கோலால் கலக்கி உடைத்து, அடியில் படிகிற திரளைப் பாட்ஸா இரண்டு கையாலும் அள்ளி உருட்டுகிறார். அதற்குப் பிறகுதான் உண்மையான கைவேலை. அந்த உருண்டையைக் கை பொறுக்காத வெந்நீரில் முக்கி எடுத்துப் பிசைகிறார், பிழிகிறார், மறுபடியும் முக்குகிறார். நீர் வெளியேற வெளியேற திரள் இறுகி, இழுபட்டு, வழவழப்பாகிறது. முனைகளைக் கூம்பாக உருட்டி, நடுவில் அச்சைப் பூட்டி அழுத்துகிறார். அவர் உள்ளங்கை சிவந்து தடித்திருக்கும். ஒரு சீஸ் முடித்துக் கீழே வைக்கும்போது அதில் ஒரு மடிப்போ வெடிப்போ இருக்காது. வெடிப்பு இருந்தால் புகையில் வைக்கும்போது அது வாய் பிளந்துவிடுமாம்.

பிறகு உப்புத்தண்ணீர், அதிகபட்சம் ஒரு நாள். அதன்பின் கூரைப் பலகையில் 3 முதல் 14 நாள் வரை குளிர்ந்த புகை. நெருப்புச் சூடு சீஸை எட்டாது, புகை மட்டும்தான் எட்டும். ஆதியில் இதெல்லாம் ருசிக்காகச் செய்தது இல்லை. மலையில் கறந்த பாலை இலையுதிர்காலம் வரை கெடாமல் வைப்பதற்கு இருந்த வழி இது. கார்பாத்திய மலைத்தொடர் வழியாக ஆடுகளோடு வந்த வலாக்கிய இடையர்களிடமிருந்து தொடரும் கைமுறை. தாத்ராவுக்கு வடக்கே உள்ள ஒஹோத்னித்ஸா கிராமத்து ஆவணத்தில் 1416லேயே சீஸ் செய்வது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஓஸ்சிபெக்குக்கான செய்முறை என்று எழுதிவைத்தது 1748இல்.

சரி, எங்கே வாங்குவது? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2008 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஓஸ்சிபெக்குக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. நம் ஊர் புவிசார் குறியீட்டுக்கு இணையானது, விதிகள் மட்டும் இன்னும் கறார். செம்மறிப்பால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். மீதிக்குப் பசும்பால் சேர்க்கலாம், அதுவும் போலந்துச் செம்பசு என்கிற நாட்டு இனத்தின் பாலாக இருக்க வேண்டும். செம்மறியும் போலந்து மலையாட்டு இனமாக இருக்க வேண்டும். செய்வது மே முதல் செப்டம்பர் வரைதான். விற்பனை அக்டோபர் முடிவு வரை. இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு க்ருபூஃப்கி தெருவில் நடந்து பாருங்கள். டிசம்பர் பனியில் ஒவ்வொரு வண்டியிலும் உள்ளங்கை அளவு சீஸ் குவிந்து கிடக்கும். மாதமும் பொருந்தாது, அளவும் பொருந்தாது. செம்மறிகள் அந்த நேரத்தில் பால் கொடுப்பதே இல்லை.

ஒரு தடவை குளிர்காலத்தில், குபவூஃப்கா மலையடிவாரச் சந்தையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. "இது ஆட்டுப்பாலா?" என்று அந்த அம்மா கேட்டார். விற்றவர் கண்ணைச் சிமிட்டாமல் "ஆமாம், நூறு சதவீதம், இன்று காலை செய்தது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பசும்பால் சீஸ் விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கோடை முழுக்க அந்தப் புகையில் நிற்கிற மனிதர்களின் உழைப்பை, அதைச் செய்யாத ஒருவர் தன் பொருளுக்கு ஒட்டிக்கொள்வது திருட்டுதான். அதே சந்தையில் பொய் சொல்லாத விற்பனையாளர்களும் உண்டு. "மலைச் சீஸ், பசும்பால்" என்று பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். அவர்களிடம் நான் நம்பி வாங்குவேன்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது மாதம். அப்புறம் அளவு: முழு சீஸாக, கையில் எடுத்தால் முக்கால் கிலோவுக்குப் பக்கம் கனக்க வேண்டும். மூன்றாவது சான்றிதழ். முறைப்படி செய்கிற பாட்ஸாவிடம் சான்றிதழ் இருக்கும், கேட்டால் காட்டுவார். "செர்டிஃபிகாட்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகம் கோணுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

குடிசைகளைத் தேடுவதும் கஷ்டம் இல்லை. மாவோபோல்ஸ்கா மாநிலத்தில் ஓஸ்சிபெக் தடம் என்றே ஒரு சுற்றுலாப் பாதை இருக்கிறது. அதில் உள்ள குடிசைகளுக்கு வெளியே பலகை வைத்திருப்பார்கள். தாத்ரா தேசியப் பூங்காவுக்குள்ளேயும் பழைய மேய்ச்சல் முறையைக் காப்பாற்றுவதற்காகச் சில புல்வெளிகளில் ஆடு மேய்க்க அனுமதி உண்டு. கோஷ்சியெலிஸ்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்தால் பாதையோரத்திலேயே குடிசை வரும். சமதரைப் பாதை, குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகலாம். ருசினோவா பொலானா புல்வெளிக்குக் கொஞ்சம் ஏற வேண்டும். ஆனால் அங்கே சீஸோடு உட்கார்ந்தால் எதிரில் தாத்ராவின் உயர்ந்த சிகரங்கள் முழுசாகத் தெரியும். மலைக்கே போக நேரமில்லாதவர்கள் நோவி தார்க் சந்தைக்குப் போகலாம். வியாழனும் சனியும் கூடும். அங்கே நல்லதும் கலப்படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மேலே சொன்ன மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

விலை: கடைசியாக நான் வாங்கிய முழு சீஸ் 70 ஸ்லோட்டி. தெருவில் வாட்டிக் கொடுக்கிற சின்னது சில ஸ்லோட்டிக்கே கிடைக்கும். பெரும்பாலான குடிசைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் கொண்டுபோங்கள். அரையாக வெட்டித் தருகிறீர்களா என்று கேட்டால் சிலர் தருவார்கள், பலர் தர மாட்டார்கள். இது எனக்கு ஒரு குறைதான். தனியாக இருப்பவருக்கு முக்கால் கிலோ அதிகம்; தோழியோடு சேர்ந்து வாங்கிப் பங்குபோட்டுக்கொள்வது என் வழி.

உப்பும் ஒரு குறை. ஒரே பாட்ஸாவிடம் வாங்கினாலும் ஒரு வாரத்து சீஸ் அளவாக இருக்கும், அடுத்த வாரத்தது நாக்கைச் சுருக்கும். தொழிற்சாலைப் பொருள் இல்லை என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மே மாதச் சீஸில் எனக்குப் புல் வாசனை தூக்கலாகத் தெரியும், உடல் கொஞ்சம் மென்மை. செப்டம்பரில் பால் குறைந்து, கொழுப்பு ஏறியிருக்கும். அந்தச் சீஸ் கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செப்டம்பர் சீஸை வாங்குவேன்.

நம் வாசகர்களில் சைவர்கள் நிறைய பேர் என்பதால் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதில் சேர்க்கிற உறை கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. சீஸ் என்றால் பால்தானே என்று நினைத்துப் பலர் சாப்பிடுகிறார்கள். என் மாமியார் வந்திருந்தபோது ஆசையாக ஒரு துண்டை எடுக்கப் போனார். "அத்தை, இதுல கன்னுக்குட்டி உறை சேத்திருக்காங்க, சொல்லாம குடுத்தா தப்பு" என்றேன். "நல்லவேளை சொன்னியேம்மா" என்று வைத்துவிட்டார். சொன்ன பிறகு சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். அப்புறம், இது காய்ச்சாத பாலில் செய்தது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது? மெல்லிய வில்லைகளாக நறுக்கி அப்படியே. வேறெதுவும் தேவையில்லை. வாட்டி ஜாமோடு சாப்பிடுவதும் ருசிதான், பசும்பால் சீஸுக்கு அது பொருத்தம். ஆனால் ஜூலை மாதத்து நல்ல ஓஸ்சிபெக்கை அடுப்பில் போட்டால், புகையும் ஜாமின் புளிப்பும் மட்டும் வாயில் நிற்கும், பாலின் இனிப்பு காணாமல் போய்விடும். பன்றி இறைச்சித் துண்டில் சுற்றி வாட்டுவதும் உண்டு, அதில் சீஸே தெரியாது. வெட்டி வைத்து ஓரம் காய்ந்துபோன பகுதியை நான் துருவி, வேகவைத்த உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே மேலே தூவுவேன், கொஞ்சம் மிளகுத்தூளோடு. கிழங்குக்குத் தனியாக உப்பு போட வேண்டாம்.

பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். வியர்த்து, தோல் பிசுபிசுத்து, இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வரும். காகிதத்திலோ பருத்தித் துணியிலோ சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். நாளாக ஆக இறுகும், அவ்வளவுதான்.

குடிசை வரை போனவர்கள் ஓஸ்சிபெக்கோடு மட்டும் திரும்ப வேண்டாம். புன்ட்ஸ் என்று ஒன்று இருக்கும்: புகை போடாத, உப்பு போடாத புதுச் சீஸ், வெள்ளை வெளேரென்று பெரிய உருண்டையாகத் துணியில் தொங்கும். அன்றே சாப்பிட வேண்டும். புகை பிடிக்காதவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். அதைப் புளிக்க வைத்து உப்போடு பிசைந்தது பிரின்ட்ஸா. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது, காரமான வாசனை, எனக்கு ரொம்பப் பிடிக்கும், என் கணவர் அறையை விட்டே போய்விடுவார். 2007இல் போலந்துக்குக் கிடைத்த முதல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு இந்தப் பிரின்ட்ஸாவுக்குத்தான். சீஸ் பிரிந்த பிறகு மிஞ்சுகிற நீரைக் காய்ச்சிய ஜென்டிட்ஸாவை மரக்குவளையில் தருவார்கள். வெதுவெதுப்பாக, லேசான இனிப்போடு இருக்கும். வயிறு பழகாதவர்கள் ஒரு குவளைக்கு மேல் குடித்துவிட்டு பஸ் ஏற வேண்டாம். மிச்சத் திரளில் இதயம், சேவல், மான் என்று சின்னச் சின்னதாக அச்சுப் போடுகிற ரெடிகொவ்காவைக் குழந்தைகளுக்கு வாங்குங்கள்.

எல்லையைத் தாண்டினால் ஸ்லோவாக்கியாவில் ஓஷ்டியெபொக் என்று இதன் உறவுக்காரச் சீஸ் கிடைக்கும். பெயர் விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்து, தனித்தனிச் சீஸ்கள் என்று முடிவானது. அங்கே பசும்பால் அதிகம் சேர்க்கலாம். சாப்பிட்டுப் பார்த்தேன், நல்ல சீஸ்தான், ஆனால் அந்தக் கடைசி ஆட்டு இனிப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்கள் என்ன செய்வது? நானும் ஒரு முறை எங்கள் பாட்ஸாவிடம், டிசம்பரில் எனக்கு மட்டும் ஒன்று எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். "பானி (அம்மணி), ஆடு பால் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை" என்றார். அந்த மாதங்களில் கோவ்கா வாங்குங்கள். உருளை வடிவில், பசும்பாலில் செய்து, இதே போலப் புகை போட்டது, வருஷம் முழுவதும் கிடைக்கும். மென்மையாக, உப்பு குறைவாக இருக்கும். தெருவோரம் வாட்டி ஜாமோடு சாப்பிட இதுவே சரியான சீஸ். ஓஸ்சிபெக் என்று சொல்லி விற்பவரை விட்டுவிட்டு, கோவ்கா என்றே எழுதி வைத்திருக்கிற வண்டியில் வாங்குங்கள்.